பாங்கொக் பழைய நகரில் ஐந்து இரவு: பெண்கள் அறையில் ஒரு கட்டில்

கிளிநொச்சிப் பக்கம் இருந்து தனியாக வெளிநாடு பார்க்கப் போக நினைக்கிற பெண்பிள்ளைகள் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போகமுன் நானும் நிறையத் தேடிப் படித்தேன், ஆனால் எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றும் அதில் இல்லை. அறைக்குப் பூட்டு எப்படி, வெள்ளிக்கிழமை சைவமாகச் சாப்பிட வழி உண்டா, அம்மா போன் எடுத்தால் நின்று கதைக்க ஒரு மூலை இருக்குமா, இவைதான் என் கேள்விகள்.

தங்கியது பழைய நகரில், முந்திப் பிராமணச் சடங்கில் ஆடிய ராட்சத ஊஞ்சலுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் உள்ள விடுதி. எட்டுக் கட்டில் போட்ட பெண்கள் அறை, இரவுக்கு 400 பாட், எங்கள் காசுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபா போல, காலையில் பாணும் முட்டையும் வாழைப்பழமும் அதற்குள் அடக்கம். ஒரு குறையும் சொல்ல இருப்பதால் பெயரைப் போடவில்லை, அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன.

முதலில் பிடித்தது கட்டிலுக்கு இருந்த திரை. தடித்த துணி, தலைமாட்டில் இருந்து கால்மாடு வரை இழுத்து மூடலாம், உள்ளே ஒரு சின்ன லைட். திரையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2009ல், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் எனக்குப் பத்து வயது, ஒரே கூடாரத்துக்குள் இரண்டு குடும்பம், நானும் தங்கச்சியும் உடுப்பு மாற்றுவதற்கு அம்மா தன் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெரியாத ஆட்களோடு ஒரே அறையில் படுக்கப் போகிறேன் என்றதும் அவருக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது, "காசு குடுத்துமோ பிள்ளை அப்பிடிப் படுக்கவேணும்?" என்று கேட்டார். முதல் இரவே வீடியோவில் திரையை இழுத்து மூடிக் காட்டினேன். அறைக் கதவு அட்டை வைத்தால்தான் திறக்கும், அது அந்த அறைக்காரரிடம் மட்டும்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் "சரி, சாப்பிட்டிட்டுப் படு" என்றார்.

குறை இதுதான். கீழ்க்கட்டில் வேண்டும் என்று பதிந்து உறுதிப்படுத்தியும் இருந்தேன், போனால் மேல்கட்டில். ஏணி செங்குத்து, இரவில் பாத்ரூம் போக இறங்கும்போது கால் வழுக்கியது. வரவேற்பில் இருந்த பிள்ளை மன்னிப்புக் கேட்டு அடுத்த நாள் மாற்றித் தந்தது, ஆனாலும் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தவருக்கு அந்த முதல் இரவுதான் முக்கியம். நீங்கள் போனால் கட்டில் இலக்கத்தையே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏசி சரியான குளிர், தந்த போர்வை போதவில்லை, வீட்டிலிருந்து ஒரு சாரமோ போர்வையோ கொண்டுபோங்கள். பெட்டகத்துக்கு ஆமைப்பூட்டு அவர்கள் தருவதில்லை. எங்கள் மூன்று கால் பிளக் அங்கே ஏறாது, அடாப்டர் தேவை, கட்டிலுக்கு ஒரு பிளக்தான். இன்னொன்று, விடிய நாலு மணிக்குப் பயணம் போகிற ஆட்கள் சொப்பின் பைகளைச் சரசரவென்று கட்டுவார்கள், விடுதி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, நாங்களாவது சாமானை இரவே கட்டி வைப்போம். அங்கே நேரம் எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தி, அம்மா ஒன்பது மணிக்கு எடுத்தால் அங்கே பத்தரை, லைட் அணைத்துவிடுவார்கள், கீழே மாடிப்படியில் இருந்துதான் கதைக்கவேண்டும். கதைக்க விட்டார்கள், ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

போய்ச் சேருவது கஷ்டமில்லை. வருகை அட்டையை இப்போது இணையத்தில்தான் நிரப்பவேண்டும், 2025 மே 1 முதல் அப்படி, இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் செய்யலாம். அரசாங்கத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் சரியான தளம் இல்லை. சுவர்ணபூமியில் இருந்து விமான நிலைய ரயிலில் மக்காசான், அங்கிருந்து நடந்து பெட்சபுரி நிலையத்துக்கு மாறி, நீலப் பாதை சுரங்க ரயிலில் சாம் யோட். அதிலிருந்து முதுகுப் பையோடு பத்துப் பதினைந்து நிமிட நடை. வெளிநாட்டுப் பயணிகள் கூடுகிற காவோ சான் வீதியும் நடக்கிற தூரம்தான், ஒரு இரவு போய்ப் பார்த்தேன், பாட்டுச் சத்தத்தில் அங்கே என்னால் நித்திரை கொண்டிருக்க முடியாது.

ஊர் சுற்ற ஓட்டோவைவிட ஆற்றுப் படகு நல்லது. தா தியன் துறையில் செம்மஞ்சள் கொடி போட்ட படகு, எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். சாத்தோர்ன் துறையில் இறங்கி மேம்பால ரயிலில் ஒரு நிலையம் போனால் சூராசக், அங்கிருந்து நடந்து சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். 19ம் நூற்றாண்டில் போன தமிழர் கட்டிய கோயில், இப்போது தாய்லாந்துச் சனம்தான் நிறைந்து நிற்கிறது.

சாப்பாட்டில் கவனம். சைவக்காரருக்கு அங்கே மீன் சாறுதான் பிரச்சினை, மரக்கறிப் பிரட்டல் என்று வாங்கினாலும் அது விழுந்திருக்கும், பப்பாசிச் சம்பலில் காய்ந்த றாலும் சேர்ப்பார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு நிறத் தாய்லாந்து எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடை சுத்தச் சைவம், உள்ளி வெங்காயம்கூட இல்லை. அந்த எழுத்தைப் போனில் படமாக வைத்திருந்துதான் என் வெள்ளிக்கிழமை தப்பியது.

இந்தப் பக்கத்து விடுதியைத்தான் எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஆனால் வேறு. ஒழுங்கையால் வெளியே வந்தால் அந்த ஊஞ்சல். இரண்டு பெரிய சிவப்புத் தேக்குத் தூண், அண்ணாந்து பார்க்கவேண்டும். 1784ல் கட்டியது, 1935க்குப் பிறகு ஆடுவதில்லை, இப்போது நிற்பது 2007ல் புதுப்பித்தது. பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம். அங்கே வருடா வருடம் நடக்கிற திரியம்பாவாய் சடங்கின் பெயரே எங்கள் திருவெம்பாவைதான், தமிழில் இருந்து போன அந்தப் பாட்டை, உச்சரிப்பு உருமாறி, பொருளும் மறந்துபோய், இன்றும் ஓதுகிறார்கள். ஊரில் மார்கழிக் குளிரில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி, அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தவள் நான். மூன்றாம் நாள் விடியப்புறம், தெரு அடங்கிக் கிடந்த நேரம், தேவஸ்தான வாசலில் நின்று எனக்கு மனப்பாடமாக இருந்த நாலைந்து பாட்டை மெல்லப் பாடினேன். தெருக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா விளக்குமாறை நிறுத்திவிட்டு, பாடி முடியும் வரை நின்று கைகூப்பினார்.

கடைசி நாள் பையை இரவு வரை இலவசமாக வைத்திருந்து தந்தார்கள், கதவு அட்டைக்கு வாங்கிய 200 பாட் முற்பணமும் குறையாமல் திரும்பி வந்தது. அடுத்த முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இதே இடத்துக்குத்தான் போவேன், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீழ்க்கட்டில், இலக்கத்தோடு கேட்டு.