கிளாக் 26: ஆறு வருடம் இடுப்பில் சுமந்த பிறகு

வாங்கிய முதல் மாதமே இந்தச் சிறிய கைத்துப்பாக்கியை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். என் கை பெரியது. பிடியில் இரண்டு விரல்கள்தான் நின்றன, சுண்டுவிரல் காற்றில் தொங்கியது. ஏற்கெனவே என்னிடம் இருந்த, இதைவிடச் சற்றுப் பெரிய கிளாக் 19 கைக்குள் அடக்கமாக உட்காரும். பிறகு எதற்கு இந்தக் குட்டி என்று தோன்றியது.

பதில் சுடும் களத்தில் கிடைக்கவில்லை, குனிந்து செருப்பு மாட்டும்போது கிடைத்தது. மறைத்துச் சுமக்கும்போது குழலின் நீளம் பெரிய தொல்லையே இல்லை. அது பேண்ட்டுக்குள் போய்விடுகிறது. சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பாகம்தான். 19-ஐவிட 26-க்கு உயரம் சுமார் 2 செ.மீ. குறைவு. அந்த 2 செ.மீ.தான் எல்லாம். 19-ஐச் சுமந்த நாட்களில் தளர்ந்த சட்டையாகத் தேடிப் போட்டேன். இப்போது எந்தச் சட்டையும் சரி. கூடவே, 19-இன் 15 தோட்டா மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) இதிலும் பொருந்தும். துப்பாக்கியில் அதற்கே உரிய 10 தோட்டா மேகசின், பையில் உதிரியாக 15 தோட்டா மேகசின் என்று வைத்திருக்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்பினால் எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். சாதாரண பெல்ட்டில் மாட்டினால் மதியத்துக்குள் இடுப்பு வலிக்கும். விறைப்பான பெல்ட் வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் துப்பாக்கியைச் செருகும் கூடு விஷயத்தில் பயந்தே போனேன். முதலில் வாங்கியது மெல்லிய தோலில் செய்தது. சில மாதங்களில் அதன் வாய் உள்ளே மடங்கத் தொடங்கியது. ஒரு நாள் துப்பாக்கியைத் திரும்பச் சொருகும்போது, மடங்கிய தோலோடு சட்டை நுனியும் விசை (ட்ரிகர்) பக்கம் நுழைவதைப் பார்த்து அப்படியே நிறுத்தினேன். இந்தத் துப்பாக்கியில் கையால் போடும் பூட்டு கிடையாது. விசைக்குள்ளேயே ஒரு சிறு நெம்பு, உள்ளே இரண்டு பாதுகாப்பு, அவ்வளவுதான். விசையை எது பின்னால் இழுத்தாலும் சுடும், விரலா துணியா என்று அதற்குத் தெரியாது. அன்றே அந்த ஹோல்ஸ்டரைத் தூக்கி எறிந்தேன். இப்போது வைத்திருப்பது விசைக்கூண்டை முழுதாக மூடும், கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. சொருகும்போது குனிந்து பார்த்து, மெதுவாகத்தான் சொருகுவேன்.

சுடுவதைப் பொறுத்தவரை, இதுவரை ஏறத்தாழ 4,000 தோட்டா. இரண்டு முறைதான் சிக்கியது. இரண்டுமே வேறொரு நிறுவனம் செய்த மலிவு மேகசினில். குழல் சிறியது, குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைவு, அதனால் கையின் சின்ன ஆட்டமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். இடது கையால் இன்னும் இறுக்கிப் பிடிக்கப் பழகிய பிறகு, 10 மீட்டரில் உள்ளங்கை அளவுக்குள் விழுகிறது. சுண்டுவிரலை இப்போது மேகசினின் அடியில் மடக்கி வைத்துக்கொள்கிறேன். பழகிவிட்டது.

அப்புறம், தினமும் சுமப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்த அதே தோட்டாவை நான் திரும்பத் திரும்பச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதைப் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், குண்டு உறைக்குள் அழுந்திக் குட்டையாக இருந்தது. அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இப்போது இரண்டு முறை ஏற்றிய தோட்டாவில் மார்க்கரால் கோடு போட்டுத் தனியே வைத்துவிடுகிறேன்.

பிரிக்கும் முன் விசையை அழுத்தியாக வேண்டும். அதனால் முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதி) இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பார்ப்பேன். மாதம் ஒரு முறை பிரித்தால் பின் சைட்டின் அடியிலும் குழலின் வாயிலும் துணிப் பஞ்சு சேர்ந்திருக்கும். வியர்வை பட்டும் ஸ்லைடில் இதுவரை துரு இல்லை. 19 இப்போது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது.