எஸ்டர்வேகன் நினைவிடம்: கொட்டகை இல்லாத முகாமைப் பார்ப்பது எப்படி

ஜெர்மனியின் வடமேற்கில், நெதர்லாந்து எல்லையோரச் சதுப்புநிலப் பகுதி எம்ஸ்லாண்ட். 1933 முதல் 1945 வரை இங்கும் பக்கத்து பென்ட்ஹைம் வட்டாரத்திலுமாக நாஜிகள் நடத்திய முகாம்கள் 15. அத்தனைக்குமான நினைவிடம் எஸ்டர்வேகனில் 2011 அக்டோபரில் திறக்கப்பட்டது.

கைதிகள் தங்கிய மரக்கொட்டகையும் காவல் கோபுரமும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். போருக்குப் பிறகு இங்கே அகதிகள் தங்கினார்கள்; பின்னால் 2000 வரை ராணுவக் கிடங்கு. கொட்டகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. போலியாக எதையும் திரும்பக் கட்டாமல் விட்டார்களே, அதற்கே தனிப் பாராட்டு. வாசலும் மதிலும் இருந்த இடத்தில் துருவேறிய எஃகுத் தகடுகள், கொட்டகைகள் நின்ற இடத்தில் மரத்தொகுப்புகள். விவரம் தெரியாமல் நடந்தால் பூங்கா மாதிரிதான் தோன்றும். அதனால் முதலில் பழைய கிடங்குக் கட்டடத்தில் உள்ள கண்காட்சி, அப்புறம் திடல், கடைசியில் சதுப்பு.

கண்காட்சியில் பலர் குழம்புவது ஆண்டுகளில். 1936 வரை இது வதைமுகாம். அமைதிக்கான நோபல் பெற்ற ஜெர்மன் பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஓசியட்ஸ்கி அடைபட்டிருந்தது அப்போது. 1937-லிருந்து நீதித்துறையின் தண்டனை முகாம்; ராணுவ நீதிமன்றங்கள் தண்டித்தவர்களும் இங்கே வந்தார்கள். 1943-44-இல் பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளின் நாஜி எதிர்ப்பியக்கத்தார். 'நீதிமன்றம் அனுப்பியவர்கள்தானே' என்ற சாக்கில் போருக்குப் பின்னும் பலர் இழப்பீடின்றி விடப்பட்டார்கள் என்பதால், இந்த வேறுபாட்டை நின்று படிக்க வேண்டும்.

குறை என்றால் ஒன்று: எஸ்டர்வேகனை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். முகாம்களில் மாண்டவர்களில் பெரும்பாலோர் சோவியத் போர்க்கைதிகள். பசியும் டைஃபஸும் கொண்டுபோன பல்லாயிரம் பேர். அவர்கள் புதைக்கப்பட்டது தெற்கே டாலும், வெசுவே போன்ற இடுகாடுகளில். பெயரில்லாக் கூட்டுப் புதைகுழிகள் என்பதால்தான் எண்ணிக்கை இன்றும் மதிப்பீடாகவே நிற்கிறது.

ரயில் பாப்பென்பர்க் வரைதான். இடுகாடுகளையும் சேர்த்துப் பார்க்கக் கார் வேண்டும், இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். வழியில் ஓபர்லாங்கன்: நாஜிகளுக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியில் போரிட்ட போலந்துப் பெண்கள் 1,700-க்கு மேற்பட்டோரை 1945 ஏப்ரல் 12 அன்று போலந்துக் கவசப் படையே வந்து மீட்ட இடம். முகாம்கள் இருந்த ஃபெர்சன், குரோஸ் ஹெசெப்பே இரண்டிலும் இப்போது சிறைச்சாலைகள் இயங்குகின்றன; வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.