பேராவூரணியில் வாடகை வீடு பிடித்த கதை

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. ஆறு மாதம் படி ஏறக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிராமத்து வீட்டில் கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருக்கிறது. அதனால் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி டவுனுக்குள் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடிப்பதுதான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த எனக்கு முதல் வேலை.

ஆப்களை நம்பி வராதீர்கள். அவற்றில் தஞ்சாவூர் வீடுகளும் விற்பனைக்கு வந்த மனைகளும்தான் கிடைத்தன. இங்கே பாதி வீடுகளில் 'டு லெட்' போர்டுகூட மாட்டுவதில்லை. எந்த வீடு காலியாகப் போகிறது என்று மளிகைக் கடைக்காரருக்கும் அயர்ன் வண்டிக்காரருக்கும்தான் முதலில் தெரிகிறது.

புரோக்கர் ஒருவரையும் பிடித்தேன். ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். போன இடத்திலெல்லாம் "சிங்கப்பூர் தம்பி" என்றே அறிமுகம் செய்துவைத்தார். 6,000 ரூபாய் என்று சொல்லி அழைத்துப் போன வீடு, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் 9,000 ஆகிவிட்டது. மறுநாள் சித்தப்பாவைத் தனியாக அனுப்பினோம். அதே தெருவில், இன்னும் நல்ல வீடு 5,500க்குப் படிந்தது. முதலில் உள்ளூர் ஆள் போய்ப் பேசட்டும், நாம் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் முகம் காட்டினால் போதும்.

பலர் வாடகையே வேண்டாம், ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மொத்தமாக மூன்று லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த ஒருவர், கையில் மொத்தமாகப் பணம் வந்தால் தேவலை என்றார். அவர் நிலைமை புரிந்தது. ஆனால் அடுத்து வருகிறவர் ஒத்திப்பணம் கொடுத்தால்தான் நம்முடையது திரும்பும். ஆறு மாதத்துக்கு அது தோதுப்படாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட வீடுகள் உண்டு. அவற்றை நாங்களே வேண்டாம் என்று விட்டோம். விடுவதற்கு எங்களுக்கு வசதி இருந்தது. வேலை மாற்றலாகி இங்கே வந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீடு தேடுகிறவருக்கு அது இருக்காது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அரசிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுத்தெல்லாம் எதுக்கு தம்பி, நாம என்ன வெளியாளா?" என்றார். சித்தப்பா பேசி முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். பதிவு மட்டும் "பார்க்கலாம்" என்ற நிலையிலேயே நிற்கிறது.

கரண்டு விஷயத்தைக் கறாராகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி ஈபி மீட்டர் இருந்தால் அது நமக்கு. வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் சப்-மீட்டர் என்றால் அவருக்கு. எங்களுக்கு வாய்த்தது சப்-மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

மற்றவை சுலபம். கேஸுக்குப் புது இணைப்பு எடுக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கிற 5 கிலோ சிலிண்டர் ஒருவருக்குத் தாராளம். நெட் இணைப்பைக் கேபிள்காரர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். குளியலறையில் கைப்பிடி பொருத்தத்தான் வெல்டிங் பட்டறைக்கு நடையாய் நடந்தேன்.

அட்வான்ஸை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்ற வீட்டுக்காரர், மாத வாடகையை ஜிபேயில் போடச் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கை சிங்கப்பூர் நம்பரிலேயே யுபிஐயில் இணைக்க 2023இலிருந்து வழி இருக்கிறது. உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.