லூபஸ் உள்ள பிள்ளைக்குச் சலம் பார்க்கும் ஸ்ட்ரிப்: வாங்கலாமா?

யாழ்ப்பாணத்து ஃபார்மசிகளில் போத்தலாக வாங்கக்கூடிய 10 கட்டச் சல ஸ்ட்ரிப், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுநீரகம் உட்படச் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்) உள்ள பிள்ளையின் வீட்டில் இருக்க வேண்டிய சாமான்தான். அதில் முக்கியமானவை இரண்டு கட்டங்கள்: புரதம், இரத்தம். சிறுநீரகத்தில் அழற்சி தொடங்கும்போது பெரும்பாலும் நோவு இராது. முகமும் காலும் வீங்குமுன்னரே புரதக் கட்டம் மஞ்சளிலிருந்து பச்சையாகிவிடும். இரத்தச் சீனியை ஏற்றக்கூடிய ஸ்டீரொய்ட் மருந்தான பிறெட்னிசலோன் எடுக்கும் பிள்ளைக்குக் குளுக்கோஸ் கட்டமும் உதவும். மற்றவற்றைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

விடிய எழும்பியதும் போகும் முதல் சலம்தான் நல்லது. ஸ்ட்ரிப்பை ஒரு செக்கன் தோய்த்து, விளிம்பைக் கப்பின் ஓரத்தில் இழுத்து, மட்டமாகப் பிடியுங்கள். சரித்தால் ஒரு கட்டத்துச் சாயம் அடுத்ததில் வழியும். புரதமும் இரத்தமும் பெரும்பாலான வகைகளில் 60 செக்கனில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2 நிமிடம் தாண்டி வரும் நிறத்துக்கு மதிப்பில்லை.

புரதம் 1+ என்றால் ஏறக்குறைய 30 மி.கி./டெ.லீ., 2+ என்றால் 100, 3+ என்றால் 300. இது செறிவு மட்டுமே. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தால் சும்மாவே ‘டிரேஸ்’ (1+க்கும் குறைந்த சுவடு) காட்டும். நிறையக் குடித்தால் உண்மையான கசிவும் மறையும். அதனால்தான் கிளினிக்கில் புரத-கிரியேட்டினின் விகிதம் (சலத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவோடு புரதத்தை ஒப்பிடுவதால், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது) கேட்கிறார்கள்: 0.2க்குக் கீழே சாதாரணம், 0.5 தாண்டினால் கவலை. அடுத்தடுத்து இரண்டு காலை 2+ வந்தாலோ, புதிதாக இரத்தம் காட்டினாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். மருந்தின் அளவில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

பிளீச்சால் கழுவி நன்றாக அலசாத கப் பொய்யாக இரத்தம் காட்டும். விற்றமின் சி குளிசை எடுத்தால், சலத்தில் இருக்கும் இரத்தத்தை அது மறைக்கும். மாதவிடாய் நாட்களில் பார்க்கவே வேண்டாம். பீற்றூட் சலத்தைச் சிவப்பாக்கலாம், ஆனால் கட்டம் மாறாது.

இந்தச் சாமானின் பெரிய பலவீனம் ஈரப்பதம். மூடியைத் திறந்து வைத்தால் கட்டங்கள் நிறம் மங்கிவிடும். குளியலறையும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். உதிரியாக எண்ணித் தந்தால் வாங்காதீர்கள்.

ஸ்ட்ரிப் சுத்தமாக இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் இறங்குவதும், சொந்த டிஎன்ஏவையே தாக்கும் எதிர்ப்பொருள் ஏறுவதும், பிளேட்லெட் 1 இலட்சத்துக்குக் கீழே போவதும் இரத்தத்தில்தான் தெரியும். ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகள்; காய்ச்சலோடு ஈஎஸ்ஆர் ஏறி சிஆர்பி பெரிதாக ஏறாவிட்டால் லூபஸ் பக்கம் சந்தேகம். சிஆர்பியும் நன்றாக ஏறியிருந்தால் முதலில் கிருமித்தொற்றைத் தேட வேண்டும். சிறுநீரக அழற்சியைக் காட்டும் செல் காஸ்ட்டுகளையும் (சிறுநீரகக் குழாய்க்குள் செல்கள் ஒட்டி உருளையாக உறைந்தவை) மைக்ரோஸ்கோப்தான் காட்டும். பருத்தித்துறையிலிருந்து போத்தலில் கொண்டுவந்து மணிக்கணக்கில் வைத்த சலத்தில் அவை சிதைந்துவிடும். அந்தச் சோதனைக்கு ஆஸ்பத்திரியிலேயே சலம் எடுத்துக் கொடுங்கள்.