கன்வல்யூஷன் கணக்கு: எந்த சிக்னலுக்கு எந்த வழி?

தொடர்நேர கன்வல்யூஷனுக்கு (ஒரு சிக்னலை மடித்து நகர்த்தி, மற்றதோடு பெருக்கித் தொகையிடும் கணக்கு) நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: படம் வரைந்து மடித்து நகர்த்துவது, வகையீடு செய்து இம்பல்ஸாக (அகலமே இல்லாத, பரப்பு மட்டும் உள்ள கூர்துடிப்பாக) உடைப்பது, கன்வல்யூஷனை வெறும் பெருக்கலாக்கும் லாப்லாஸ் மாற்றம், கணினியில் எண்களாகப் போடுவது. சிக்னலின் வடிவத்தைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தால், மூன்று வரியில் முடிய வேண்டிய கணக்கு மூன்று பக்கம் இழுக்கும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ஒன்று, 0 முதல் 2 வினாடி வரை உயரம் 1 உள்ள செவ்வகத் துடிப்பு. மற்றது, டி = 0-இல் தொடங்கித் தேயும் எக்ஸ்ப்(−டி), அதாவது e-இன் −டி அடுக்கு; டி என்பது நேரம். நேர மாறிலி 1 வினாடியாக உள்ள ஆர்சி (மின்தடை-மின்தேக்கி) சுற்றுக்கு அந்தத் துடிப்பைக் கொடுத்தால் மின்தேக்கியில் எழும் மின்னழுத்தம்தான் இதன் விடை.

மடித்து நகர்த்தும் முறையில் எளிய வடிவத்தை மடியுங்கள். இங்கே அது செவ்வகம். டௌ (தொகையீட்டின் மாறி) அச்சில் மடித்து, டி அளவு நகர்த்தியதும் அது டி−2 முதல் டி வரை நிற்கும். டி 0-க்குக் கீழே இருந்தால் இரண்டும் தொடுவதே இல்லை, விடை 0. 0 முதல் 2 வரை தொகையீட்டின் எல்லைகள் 0, டி. விடை 1 − எக்ஸ்ப்(−டி). 2-க்கு மேல் எல்லைகள் டி−2, டி. விடை எக்ஸ்ப்(−(டி−2)) − எக்ஸ்ப்(−டி). டி = 2-இல் இரண்டு கோவைகளும் 0.865 தருகின்றன. இதைக் கட்டாயம் சரிபாருங்கள்: இரண்டு சிக்னல்களிலும் இம்பல்ஸ் இல்லாதபோது இங்கே விடை எங்கும் குதிக்கக் கூடாது. எல்லையில் மதிப்பு பொருந்தாவிட்டால் தொகையீட்டு எல்லை தவறு.

பெரும்பாலான பிழைகள் முனைகளைக் குறிப்பதில்தான் வருகின்றன. துடிப்பு 0–2 என்றில்லாமல் 1–3 என்று இருந்தால், மடித்தபின் அது டி−3 முதல் டி−1 வரை நிற்கும். அசல் சிக்னலின் வலது முனை மடித்த படத்தில் இடது முனையாகிவிடுகிறது. 0-வைச் சுற்றி மடிக்காமல் துடிப்பை அதன் நடுவைச் சுற்றி மடிப்பவர்கள் இங்கே தவறாமல் சிக்குகிறார்கள்; செவ்வகம் சமச்சீரானது என்பதால் படத்தைப் பார்த்து அந்தத் தவறு தெரியவும் தெரியாது.

செவ்வகமும் செவ்வகமும், செவ்வகமும் முக்கோணமும் என்றால் இந்த முறையைத் தொடவே வேண்டாம். வகையீட்டு முறைதான் அங்கே சிறந்தது. ஒன்றை வகையிட்டு மற்றதைத் தொகையிட்டால் கன்வல்யூஷன் மாறாது. உயரம் 2, அகலம் 1 உள்ள துடிப்பையும், உயரம் 1, அகலம் 3 உள்ள துடிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 0-இல் தொடங்குகின்றன. முதலாவதை வகையிட்டால் 0-இல் +2, 1-இல் −2 என இரண்டு இம்பல்ஸ். இரண்டாவதைத் தொகையிட்டால் 3 வரை ஏறி அங்கேயே நிற்கும் ராம்ப் (சாய்கோடு). அந்த ராம்பை 2-ஆல் பெருக்கி, அதையே 1 வினாடி தள்ளிக் கழித்தால் போதும்: 0 முதல் 1 வரை ஏறி, 3 வரை 2-இல் நின்று, 4-இல் 0-வைத் தொடும் சரிவகம். தொகையீட்டு எல்லை எதையும் தேட வேண்டியதில்லை. பரப்பும் பொருந்துகிறது: 2 × 3 = 6, சரிவகத்தின் பரப்பும் 6.

ஆனால் வகையீடு மாறிலியைத் தின்றுவிடும். எல்லா நேரத்திலும் 1 ஆக இருக்கும் சிக்னலை வகையிட்டால் கிடைப்பது 0. அதை வைத்து மீள வழியில்லை. வகையிடப்படும் சிக்னல் கடந்த காலத்தில் 0-விலிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

எக்ஸ்போனென்ஷியலும் எக்ஸ்போனென்ஷியலும் சேர்ந்தால் லாப்லாஸுக்கு ஈடில்லை. பகுதிப் பின்னத்தில் முடிந்துவிடும். தேய்வு வீதங்கள் 1, 3 என்றால் விடை எக்ஸ்ப்(−டி) − எக்ஸ்ப்(−3டி) என்ற முழுக் கோவையின் பாதி; வகுக்கும் 2 என்பது வீதங்களின் வேறுபாடு. வீதங்கள் சமமானால் இந்த வாய்பாடு 0/0 ஆகும். அப்போது விடை டி × எக்ஸ்ப்(−டி) போன்ற வடிவத்துக்கு மாறும். நமது செவ்வகக் கணக்கையும் இவ்வழியில் போடலாம். 2 வினாடித் தாமதத்தை ஸ்டெப்பில் (0-இலிருந்து 1-க்குத் தாவி அங்கேயே நிற்கும் சிக்னல்) மட்டும் போட்டுவிட்டு எக்ஸ்போனென்ஷியலுக்குள் டி-யை டி−2 ஆக்க மறப்பதுதான் அதில் நேரும் வழக்கமான தவறு. எதிர்மறை நேரத்திலும் சிக்னல் இருந்தால் ஒருபக்க லாப்லாஸ் அந்தப் பகுதியைச் சத்தமின்றி வெட்டிவிடும். இருபக்க லாப்லாஸுக்குப் போனால், இரண்டின் குவிவுப் பகுதிகளும் (மாற்றத்தின் தொகையீடு முடிவிலிக்குப் போகாத பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஸ்டெப்பையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் கன்வல்யூஷன் செய்தால் தொகையீடு முடிவிலிக்குப் போகும், விடையே கிடையாது.

மேட்லேப், நம்பை போன்ற கணக்கீட்டு மென்பொருள்களில் உள்ள கன்வல்யூஷன் கட்டளை வெறும் கூட்டலைத்தான் செய்கிறது. 0.01 வினாடி இடைவெளியில் துடிப்பை 200 புள்ளிகளாகக் கொடுத்தால் நமது கணக்கின் உச்சம் 86.9 என்று வரும். இடைவெளியால் பெருக்கினால் 0.869, உண்மையான 0.865-க்கு அருகில். அதோடு, வெளியீட்டின் நேர அச்சு இரண்டு சிக்னல்களின் தொடக்க நேரங்களின் கூட்டுத்தொகையில் ஆரம்பிக்கும். அதைக் கட்டளை சொல்லாது, நாமே அமைக்க வேண்டும். எக்ஸ்போனென்ஷியலை 5 வினாடியில் வெட்டியிருந்தால் விடையும் 5 வினாடி வரைதான் நம்பத்தக்கது. 5 முதல் 7 வரை தெரியும் வால், வெட்டியதால் வந்த போலி. எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் மாற்றம்) வழியாகப் பெருக்குபவர்கள் இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகையில் ஒன்று குறைத்து, குறைந்தது அந்த நீளத்துக்காவது பூச்சியங்களை நிரப்ப வேண்டும். இல்லையென்றால் வெளியீட்டின் கடைசிப் பகுதி சுற்றி வந்து தொடக்கத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.