ராத்திரி பத்து மணிக்கு மேல் காணாமல் போன தொப்பி

நான் பாட்டுக் கேட்க உட்காருவதே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். பக்கத்து அறையில் அம்மா தூங்குவதால் சத்தத்தை அடக்கித்தான் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் வாங்கிய கடையில் கண்ணாடி அதிர அதிரப் போட்டுக் காட்டினார்கள், பிரமாதமாக இருந்தது. வீட்டில் குறைத்து வைத்தால், மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது. இடது பக்கத்து அடிநாதமான தொப்பியின் ‘தொம்’ போன இடம் தெரியவில்லை. ஸ்பீக்கரையே மாற்றக் கிளம்பிவிட்டேன்.

கோளாறு காதில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறையும்போது காது முதலில் கைவிடுவது அடிக்குரலைத்தான். 1000 ஹெர்ட்ஸ் நடுக்குரலில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவு கேட்க 100 ஹெர்ட்ஸ் அடிக்குரலுக்குச் சுமார் 64 டெசிபல் தேவை. 80 டெசிபலில் அந்த 24 வித்தியாசம் பாதியாகிவிடும். கடையில் கேட்ட தொப்பி வீட்டில் கேட்காததற்கு இதுதான் காரணம்.

அதற்காகவே வாங்கியது யமஹா ஏ-எஸ்301 ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு 60 வாட், 9 கிலோ கனம். ப்ளூடூத் உள்ளே கிடையாது, எனக்கு அது தேவையும் இல்லை. நான் பார்த்தது அந்த லவுட்னஸ் குமிழை. பல பழைய ரிசீவர்களில் இது வெறும் ஆன்-ஆஃப் பொத்தான். இதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகலாம். முதலில் குமிழை ஃப்ளாட்டில், அதாவது ஒலியை மாற்றாத நிலையில் வைத்து, நாம் கேட்கக்கூடிய அதிகபட்சச் சத்தத்துக்கு வால்யூமை ஏற்ற வேண்டும். அப்புறம் வால்யூமைத் தொடாமல், லவுட்னஸைத் திருகித்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். நடு ஸ்தாயி இறங்கும், பேஸ் அவ்வளவாக இறங்காது. (அந்த ஏற்றும் வேலையைப் பகலில் செய்துவிடுங்கள்!)

முதல் இரண்டு ராத்திரி ஒரு மாற்றமும் தெரியவில்லை. பார்த்தால், ஒலியைத் திருத்தும் குமிழ்களை ஒதுக்கிவிடும் ப்யூர் டைரக்ட் பொத்தானை நானே அமுக்கி வைத்திருக்கிறேன். அது ஆனில் இருந்தால் லவுட்னஸ் வேலை செய்யாது.

சரி, அதை அணைத்ததும்? தொப்பி வந்துவிட்டது. கும்கி கொடுக்கும்போது தொப்பித் தோலில் கை வழுக்கி நாதம் இழுபடுவதுகூடக் கேட்கிறது. என் ஸ்பீக்கர் சின்னது, அதனால் தம்பூராவின் அடித் தந்தியான மந்தரம் இன்னும் கொஞ்சம் மெலிவுதான்.

நேற்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முழுக்க ஓடியது. காலையில் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள், “ராத்திரி பாட்டே போடலையாடா?”