சிறிய வயர்லெஸ் மெக்கானிக்கல் விசைப்பலகை: மூன்று முடிவுகள், மூன்று விலைகள்

சிறிய வயர்லெஸ் மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரே கேள்வியாகக் கருதுகிறார்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமா, வயரை விட்டுவிடலாமா, ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டுமா என்பவை தனித்தனியே எடுக்க வேண்டிய முடிவுகள். ஒன்றில் கிடைக்கும் நன்மை மற்றொன்றில் நேரும் குறையை ஈடுசெய்துவிடாது. நான் பார்த்தவரை, இத்தகைய விசைப்பலகையை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் வயர்லெஸ் இணைப்பைக் குறைகூறுவது அரிது. அவர்கள் தேடித் தவிப்பது இல்லாமல் போன விசைகளைத்தான். ஆகவே அளவிலிருந்து தொடங்குவதே முறை.

முழு அளவு விசைப்பலகையில் பொதுவாக 104 விசைகள் உண்டு. வலக்கோடியில் உள்ள எண் திட்டை நீக்கினால் 87 எஞ்சும். எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள மேல் வரிசையான எஃப் வரிசையையும் அம்புக்குறிகளையும் வைத்துக்கொண்டு இடைவெளிகளை நெருக்கினால் ஏறத்தாழ 84 விசைகள் கொண்ட, 75 சதவீதம் என்று அழைக்கப்படும் வகை கிடைக்கிறது. எஃப் வரிசையையும் விட்டுவிட்டால் 67 அல்லது 68 விசைகள் கொண்ட 65 சதவீத வகை. அம்புக்குறிகளும் போய்விட்டால் 61 விசைகள் மட்டுமே உள்ள 60 சதவீத வகை. சிறியது என்றதும் விசைகளும் சிறுத்துப்போயிருக்கும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அது தேவையற்றது. அடுத்தடுத்த இரண்டு விசைகளின் மையங்களுக்கு இடையே 19.05 மி.மீ. என்ற வழக்கமான தூரமே இவை எல்லாவற்றிலும் பின்பற்றப்படுவதால், எழுத்து விசைகளின் மேல் விரல்கள் பழகிய பழக்கம் அப்படியே செல்லுபடியாகும்.

குறைவது விசைகளின் அளவல்ல, பலகையின் அளவு; அதிலும் அகலம் வலப்பக்கத்திலிருந்து குறைகிறது என்பதில்தான் சிறிய விசைப்பலகையின் முதன்மையான நன்மை அடங்கியிருக்கிறது. விளிம்புச் சட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், விசைகள் பரவியிருக்கும் அகலம் முழு அளவில் சுமார் 429 மி.மீ., எண் திட்டு இல்லாததில் 348 மி.மீ., 65 சதவீதத்தில் 305 மி.மீ., 60 சதவீதத்தில் 286 மி.மீ. எழுத்து விசைகளுக்கு நேரே உடலை வைத்து அமரும் ஒருவர் முழு அளவை விட்டு 65 சதவீதத்துக்கு வந்தால், அவருடைய மவுஸ் 12 செ.மீ. அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. நாள்தோறும் பல மணி நேரம் வலத்தோளை வெளிப்புறமாக விரித்து வேலை செய்தவர்கள் இந்த மாற்றத்தை முதல் வாரத்திலேயே உணர்வார்கள். மவுஸை இடக்கையால் பிடிப்பவர்களுக்கு இந்த நன்மை கிடையாது. அவர்கள் மேசை இடத்துக்காக மட்டும் சிறியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இழப்பைப் பார்ப்போம். நீக்கப்பட்ட விசைகள் எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்தும் இரண்டாம் அடுக்குக்குச் செல்கின்றன. எப்போதாவது தேவைப்படும் விசைக்கு இந்த ஏற்பாடு போதுமானது. ஆனால் எழுதியதைத் திருத்துகையில் கட்டுப்பாட்டு விசையையும் ஷிஃப்டையும் பிடித்தபடி அம்புக்குறியால் சொல் சொல்லாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அந்த அம்புக்குறியே எஃப்என் அடுக்கில் இருந்தால் ஒரே நேரத்தில் நான்கு விசைகளை அழுத்த வேண்டிவரும். நான் 61 விசைகள் கொண்ட ஒன்றைச் சில மாதங்கள் பயன்படுத்தினேன். புதிதாக எழுதும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. எழுதியதைத் திருத்த அமர்ந்த ஒவ்வொரு முறையும் கை தடுமாறியது. 68 விசைகள் கொண்டதற்கு மாறிய அன்றே அந்தத் தடுமாற்றம் நின்றுவிட்டது. அகலத்தில் வேறுபாடு வெறும் 19 மி.மீ.; அதாவது ஒரே ஒரு விசையின் இடம். அந்த 19 மி.மீட்டரைச் சேமிப்பதற்காக அம்புக்குறிகளை இழப்பது சரியான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிரல் எழுதுபவர்களும் விரிதாளில் வேலை செய்பவர்களும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிழைதிருத்தியில் எஃப்5, எஃப்10 ஆகியவற்றையும் விரிதாளில் எஃப்2, எஃப்4 ஆகியவற்றையும் மணிக்குப் பலமுறை அழுத்துபவர்களுக்கு 65 சதவீதமும் போதாது, 75 சதவீதமே தகும். 60, 65 சதவீத வகைகள் பலவற்றில் எஸ்கேப் விசை இடது மேல் மூலையில் அமர்ந்து, அங்கே வழக்கமாக இருக்கும் தலைகீழ் மேற்கோள் குறியையும் அலைக்குறியையும் அடுக்குக்குத் தள்ளிவிடுகிறது. அவற்றைத் தினமும் பயன்படுத்துபவர் வாங்கும் முன் படத்தை உற்றுப் பார்ப்பது நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ் 99 முறையில் ச, ஞ ஆகியவை சதுர அடைப்புக்குறி விசைகளிலும், ந அரைப்புள்ளி விசையிலும், ய ஒற்றை மேற்கோள் விசையிலும், ழ சாய்கோட்டு விசையிலும் இருக்கின்றன. 60 சதவீதம் வரை இவை யாவும் அதனதன் இடத்தில் இருக்கும் என்பதால் கவலை இல்லை. அதற்கும் கீழே 40 சதவீதம் என்ற வகைக்குப் போனால் இந்தக் குறி விசைகளில் சில அடுக்குக்குள் மறைந்துவிடும். ஆங்கிலத்தில் எப்போதாவது வரும் ஒரு குறி மறைவதும் தமிழில் வரிக்கு வரி வரும் ச மறைவதும் ஒன்றல்ல. கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவைப்படுவதால், அம்புக்குறிகளுக்கு இடம்விட்டுக் குறுகிப்போன வலப்பக்க ஷிஃப்டுக்கும் சில நாள் பழக வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கல் சுவிட்சா, மடிக்கணினியில் இருப்பது போன்ற தட்டையான கத்தரி அமைப்பா என்ற ஒப்பீட்டில் நான் முதலாவதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அதற்கு எடையும் உயரமும் விலையாகின்றன. பரவலாக அறியப்பட்ட செர்ரி எம்எக்ஸ் சிவப்பு சுவிட்சு 4 மி.மீ. வரை இறங்கும், 2 மி.மீ. இறங்கியதுமே, சுமார் 45 சென்டிநியூட்டன் அழுத்துவிசையில், எழுத்து பதிவாகிவிடும். அடித்தட்டில் மோதும்வரை அழுத்தத் தேவையில்லை என்பதை விரல் கற்றுக்கொண்டால் நீண்ட நேரத் தட்டச்சு இலகுவாகிறது. கத்தரி அமைப்பில் மொத்த இறக்கமே 1 முதல் 2 மி.மீ. என்பதால் ஒவ்வொரு அழுத்தமும் அடித்தட்டில்தான் முடிகிறது. மறுபுறம், கத்தரி அமைப்புப் பலகைகள் மணிக்கட்டைத் தூக்காமலே தட்டும் அளவுக்குத் தாழ்வானவை, கால் கிலோ எடையிலும் கிடைப்பவை. மெக்கானிக்கல் வகை பிளாஸ்டிக் உடலில் அரைக் கிலோவைத் தாண்டும். அலுமினிய உடலில் ஒரு கிலோவையும் எளிதாகத் தாண்டும். வயர் இல்லாததால் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவர்கள், அலுமினிய உடலைத் தேர்ந்தெடுத்து அந்த நோக்கத்தைத் தாங்களே குலைத்துக்கொள்கிறார்கள்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொடுக்கொலி எழுப்பும் நீல வகை சுவிட்சு பிறருடன் பகிரும் அறைக்கு உதவாது. சிவப்பு வகையில் சொடுக்கொலி இல்லாவிட்டாலும் விசை அடியில் மோதும் ஒலி ஒலிவாங்கியில் கேட்கத்தான் செய்யும். சுவிட்சுகளைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய ஹாட் ஸ்வாப் வசதி இருந்தால், தேர்வு தவறிப்போனாலும் பலகையையே மாற்ற வேண்டிவராது.

வயர்லெஸ் என்பது ஒரே பொருளைக் குறிக்கும் சொல் அல்ல. புளூடூத் ஒன்று, யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய டாங்கிளுடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் தனி இணைப்பு மற்றொன்று. வயரில் இணைந்த நல்ல விசைப்பலகை விநாடிக்கு 1000 முறை, அதாவது 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, தன் நிலையைக் கணினிக்குத் தெரிவிக்க முடியும். நல்ல டாங்கிள் இணைப்பும் அந்த வேகத்தை எட்டும். குறைந்த ஆற்றல் புளூடூத்திலோ இரண்டு தொடர்புகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியாக நெடுங்காலம் இருந்துவந்தது 7.5 மில்லிவிநாடி. சுவிட்சின் உலோகத் தொடுமுனைகள் அதிர்ந்து அடங்குவதற்கென்று விசைப்பலகையே பெரும்பாலும் 5 மில்லிவிநாடி அளவுக்குக் காத்திருப்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், எழுதுபவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது என்பது விளங்கும். வேகப் போட்டி விளையாட்டுகளில் ஈடுபடுபவர் மட்டும் டாங்கிளையோ வயரையோ நாட வேண்டும்.

எழுதுபவரை உண்மையில் எரிச்சலூட்டுவது இந்தத் தாமதம் அல்ல, உறக்கம். பேட்டரியைச் சேமிக்கச் சில நிமிடங்களில் விசைப்பலகை உறங்கிவிடுகிறது. யோசித்துவிட்டு மீண்டும் தட்டத் தொடங்கும்போது, இணைப்பு விழித்தெழுவதற்குள் முதல் ஓரிரு எழுத்துகள் விழாமல் போவதுண்டு. எழுத்துப் பணி என்பது பாதி நேரம் யோசிப்பதுதான் என்பதால் இது நாளுக்குப் பத்து முறை நேரக்கூடியது. உறங்கும் நேரத்தை மாற்றியமைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று விசாரிப்பது, தாமத எண்களை ஒப்பிடுவதைவிடப் பயன் தரும். வயரில் இணைந்ததில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

கணினி தொடங்கும்போது இயங்குதளம் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையிலும், வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் மறையாக்கத்தின் கடவுச்சொல் கேட்கும் திரையிலும் புளூடூத் விசைப்பலகை பெரும்பாலும் வேலை செய்யாது. டாங்கிள் தன்னைச் சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையாகவே அறிமுகப்படுத்திக்கொள்வதால் அங்கும் இயங்கும். ஆனால் டாங்கிளைத் தொலைத்துவிட்டால் மாற்று கிடைப்பது கடினம், யுஎஸ்பி 3.0 துளைகளும் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் என்பதால், எழுத்துகள் விட்டுவிட்டு விழுந்தால் டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டிச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கடவுச்சொற்கள் யாவும் விசைப்பலகை வழியாகவே செல்கின்றன. பல நிறுவனங்களின் மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் விசைப்பலகைகள் தட்டப்படும் எழுத்துகளை மறையாக்கம் ஏதுமின்றிக் காற்றில் அனுப்புவதை 2016-இல் பாஸ்டில் என்ற ஆய்வு நிறுவனம் வெளிப்படுத்தியது. புளூடூத் மறையாக்கம் செய்கிறது. எனினும் அருகிலிருக்கும் ஒருவர் விசைப்பலகை போல நடித்துக் கணினிக்குள் விசையழுத்தங்களைப் புகுத்த வழிவிட்ட ஓட்டை பல இயங்குதளங்களில் இருந்தது 2023 இறுதியில் தெரியவந்தது. அதைச் சரிசெய்தது இயங்குதளப் புதுப்பிப்புதான். ஆகவே டாங்கிள் வகையில் மறையாக்கம் உண்டு என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கணினியைப் புதுப்பித்து வைப்பதும் அவசியம். மிக மறைவான பணிகளைச் செய்பவர்களுக்கு வயரே நல்லது.

வயர்லெஸ் விசைப்பலகை உண்மையாக வெல்லும் இடம் எதுவென்றால், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் எழுதும் நிலை. மூன்று கருவிகளை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு விசைகளை அழுத்தியதும் கணினியிலிருந்து கைக்கணினிக்கும் அங்கிருந்து கைபேசிக்கும் மாறும் வசதி புளூடூத் வகைகளில் பரவலாக இருக்கிறது. அதற்கு இணையாக வயரில் எதுவும் இல்லை. ஒரே மேசையில் ஒரே கணினியுடன் வேலை செய்பவருக்கு, பின்பக்கம் ஒருமுறை செருகிவிட்டு மறந்துவிடும் வயர் எந்தத் தொல்லையும் தருவதில்லை. அவருக்கு வயருடன் கூடிய 75 சதவீத மெக்கானிக்கல் பலகையையே பரிந்துரைப்பேன்; நாள் முழுவதும் எண்களை உள்ளிடுபவராக இருந்தால், தனியாகக் கிடைக்கும் எண் திட்டு ஒன்றை வாங்கி இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டால் மவுஸும் அருகிலேயே இருக்கும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது வயர்லெஸ் இணைப்பு அல்ல, விளக்குகள். ஒரு விசையின் கீழுள்ள எல்இடி 1 மில்லியாம்பியர் மட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 68 விசைகளுக்கு 68 மில்லியாம்பியர். 2000 மில்லியாம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி 30 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டால் அதே பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். பையில் வைத்து எடுத்துச் செல்லும்போது அடிப்பக்கத்தில் உள்ள நிறுத்து விசையைப் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் பிற பொருள்கள் விசைகளை அழுத்தி அதை விழித்திருக்கச் செய்துவிடும்.

பேட்டரியின் ஆயுள் வேறு கதை. மெக்கானிக்கல் சுவிட்சுகள் பலவற்றுக்கு 5 கோடி அழுத்தங்கள் என்ற ஆயுள் குறிக்கப்படுகிறது. ஒரு விசையை நாளுக்கு 10,000 முறை அழுத்தினாலும் அது தேய 13 ஆண்டுகளுக்கு மேலாகும். 1985-இல் ஐபிஎம் வெளியிட்ட மாடல் எம் விசைப்பலகைகளை இன்றும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். லித்தியம் பேட்டரியோ சில நூறு முறை முழுமையாக மின்னேற்றியதுமே தன் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பகுதியை இழக்கத் தொடங்குகிறது. பத்தாண்டு உழைக்கக்கூடிய ஒரு பொருளுக்குள் அதைவிட மிகக் குறைவாக வாழும் ஓர் உறுப்பு வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இந்த வகையின் பெரிய முரண் என்று கருதுகிறேன். பேட்டரி ஓய்ந்த பின்னும் வயரைச் செருகி விசைப்பலகையாகப் பயன்படுத்த முடியுமா, அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி சிறிய இணைப்பியில் மாட்டப்பட்டிருக்கிறதா அல்லது பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்றால் நான் வேறொன்றைத் தேடுவேன்.